சுவருக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்விகள், அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் தாமானில் (குடியிருப்பில்) நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து வீட்டு அடிதடியைத் தடுக்க ஏதோ எங்களால் முடிந்ததைச் செய்கிறோம் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன், அதற்குத்தான் இவ்வளவு கடிதம். எலுமிச்சை ஊறுகாய் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்ட சகோதரி கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊறுகாய் அடுத்த மாதம் வரை பொறுக்கும்.

கேள்வி: தோட்டத்தை விட்டு வந்து இந்த மலிவு விலை வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறோம். நடுச்சுவர் ஒற்றைச் செங்கல். சம்பளம் போட்ட வாரம் வந்தால் பக்கத்து வீட்டில் அடி விழுவது அப்படியே கேட்கிறது. அந்தப் பெண் அழுவதுகூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர், "அடுத்தவன் குடும்பத்துல மூக்கை நுழைக்காதே, நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போட்டுடுவான்" என்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டிருப்பது இந்த ஒரு பயத்தினால்தான். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவை அவரிடம் காட்டுங்கள். ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கும் எவரும் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவரை அவதூறு என்று சொல்லி மாட்டிவிட முடியாது என்று அதில் இருக்கிறது. அடிபட்டவளே வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

சரி, இன்று ராத்திரி சத்தம் கேட்டால்? நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் தடவை கதவைத் தட்டப் போனபோது கையில் ஒரு காலிக் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன், மணி பத்தரை. "தம்பி, சீனி தீர்ந்துபோச்சு, கொஞ்சம் இருக்குமா?" அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார், சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு கிலோ பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து என் கையில் திணித்தார். யாரும் எதுவும் பேசவில்லை, ஆனால் அந்த ராத்திரி அதற்கு மேல் சத்தம் வரவில்லை. வெளியே ஒரு ஆள் விழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் அந்தச் சீனியின் வேலை. இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தனியாகப் போகாதீர்கள், கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள், பாராங் கத்தி, கேஸ் தோம்பு (சிலிண்டர்) என்ற பேச்சு காதில் விழுந்தால் சீனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேராக அவசர எண் 999.

பெரிய வேலை பகலில்தான் இருக்கிறது. அவர் வேலைக்குப் போன பிறகு, துணி காயப்போடும் நேரத்தில், தனியாகப் பேசுங்கள். "இன்னும் ஏன் அவன்கூட இருக்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை அவள் தனக்குள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். "சுவர் வழியா கேட்குதும்மா. ராத்திரி எத்தனை மணியானாலும் என் கதவைத் தட்டு" என்று சொன்னால் போதும். முதல் நாள் "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறாளே என்று கோபம் வரக்கூடாது, நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அவளும் பார்க்க வேண்டாமா? எங்கள் தாமானில் ஒரு பெண் எட்டு மாதம் பார்த்தாள்.

அவள் பேச ஆரம்பித்த பிறகு செய்வது மைலோ டின் வேலை. என் வீட்டு அரிசி வாளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று மைலோ டின் இருக்கும், எதிலும் மைலோ கிடையாது. அடையாள அட்டையின் நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை, வீட்டுச் சாவி ஒன்று கூடுதலாக, இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்). ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவளுக்குச் செருப்பு மாட்டக்கூட நேரம் இருக்காது, அலமாரியைத் திறந்து பத்திரம் தேடுவாளா?

அப்புறம் இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி, தாலியான் காசிஹ் (Talian Kasih) 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், 019-2615999 என்ற எண்ணில் வாட்சப்பிலும் எழுதலாம். அடிபட்டவர், அல்லது அடி விழும் என்று பயந்துகொண்டிருப்பவர், சமூக நல இலாகா அதிகாரியிடமே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 2018 ஜனவரியிலிருந்து இது இருக்கிறது. போலீஸ் புகார் கையில் இருக்க வேண்டியதில்லை, கோர்ட் திறக்கக் காத்திருக்க வேண்டியதும் இல்லை, ஏழு நாளைக்குச் செல்லும். ஏழு நாள் என்ன பெரிய காலம் என்று தோன்றும். மூச்சு விட, புகார் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக அது பெரிய காலம்தான். புகார் கொடுத்த பிறகு, போலீஸ் விசாரிக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதற்கு உதவுவதும் சமூக நல அதிகாரிதான். நமக்குக் கோலகங்சார் மாவட்ட அலுவலகம்.

கேள்வி: எங்கள் கோவில் நிர்வாகத்தில் செயலாளராக இருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று வந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, முனீஸ்வரர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கி அனுப்புகிறோம். குடும்பம் உடையக்கூடாது என்பதுதான் எண்ணம். உங்கள் பெண்கள் இதைக் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டேன். (செயலாளர், ஒரு தோட்டத்துக் கோவில்)

பதில்: குறை சொல்வது உண்மைதான் அண்ணே, நானே சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கு உரிமையும் இருக்கிறது, ஏனென்றால் அப்படி ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து ஐந்து ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், டீச்சர் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி, அந்தப் பெண்ணுக்கு நாற்காலி இல்லை, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "உனக்கு என்னம்மா பிரச்சினை, சொல்லு" என்றோம். அடித்தவன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், அவள் என்ன சொல்வாள்? "ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் கற்பூரம் அணைத்தான், நாங்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னோம், எல்லாருக்கும் பானகம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவளை மாவுக்கட்டோடு பார்த்தேன். கோவில் வரைக்கும் கொண்டுபோய் மானத்தை வாங்கிவிட்டாளாம், அதற்கு.

அதனால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவளோடு ஒரு பெண் தனியாகப் பேசட்டும், என்ன பேசினாள் என்பது நிர்வாகக் கூட்டத்துக்கு வரக்கூடாது. அவனுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாதுகாப்பு உத்தரவோடு சேர்த்து அதற்கும் போகச் சொல்ல கோர்ட்டுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கோவிலால் செய்யக்கூடியது வேறு நிறைய உண்டு. பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் 15999 என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், அவன் பின்னாலேயே வர முடியாத ஒரே இடம் அதுதான். டாக்சிக் காசுக்கு உண்டியலிலிருந்து கொஞ்சம் ஒதுக்குங்கள். அப்புறம், கோவிலில் தாலி கட்டுகிறவர்கள் பதிவும் செய்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த கடிதத்தைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

கேள்வி: பதினேழு வயதில் கோவிலில் தாலி கட்டினார்கள், பதிவு கிடையாது. அடி தாங்க முடியாமல் ஒருமுறை கிளம்பியபோது, "உனக்கு சர்ட்டிபிகேட்டே இல்ல, நீ என் பெண்டாட்டின்னு எந்தக் கோர்ட்டுல சொல்லுவே?" என்று சிரித்தார். உண்மையா? (பெயர் வேண்டாம், பேராக்)

பதில்: பொய். நன்றாகத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, பொய். உங்கள் சமயமோ வழக்கமோ கல்யாணச் சடங்கு என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டத்துக்கு நீங்கள் மனைவிதான். தோட்டத்துப் பெண்களுக்கென்றே எழுதி வைத்ததுபோல இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். கல்யாணப் படம், பத்திரிகை, கோவில் ரசீது எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, நாற்பது வருடம் தாண்டியும் நாம் இன்னும் தாலியோடு நிறுத்திக்கொள்கிறோம். சொத்து, பிள்ளைகள் என்று பேச்சு வரும்போது பதிவு இல்லாதது இழுக்கும், அதற்குத் தனியாக வக்கீலைப் பாருங்கள். அடி விஷயத்துக்கு இன்றே போகலாம், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அது ஒரு ஓட்டைதான். ஆனால் ஒருவர் இன்னொருவரை அடித்தால் குற்றவியல் சட்டப்படி குற்றம், அதற்குப் புகார் கொடுக்க உறவுமுறை தேவையில்லை.

கேள்வி: வீடு தோட்டத்து வீடு, அவர் வேலை போனால் வீடும் போய்விடும். புகார் கொடுத்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே, பிறகு நானும் மூன்று பிள்ளைகளும் எங்கே போவோம்? (செம்பனைத் தோட்டத்திலிருந்து)

பதில்: இந்தக் கேள்வியை டவுனில் இருப்பவர்கள் கேட்பதே இல்லை, நம் ஆட்கள்தான் கேட்பார்கள். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும்போது அடியையும் சேர்த்து அந்தக் கயிற்றிலேயே கட்டிவிடுகிறார்கள்.

பாதுகாப்பு உத்தரவு என்பது ஜெயில் இல்லை. அடிக்காதே, கிட்டே போகாதே என்று போடும் தடை. அவர் காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகலாம், குலை வெட்டலாம், சம்பளம் வாங்கலாம். தடையை மீறினால்தான் குற்றம், இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மீறும்போது அடிக்கவும் செய்தால் தண்டனை இன்னும் கூடும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவரை வெளியே தங்கச் சொல்லி உங்களையும் பிள்ளைகளையும் உள்ளே இருக்க விட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நான் எப்போதும் சொல்வது, மூன்று பிள்ளை, இரண்டு பள்ளிப் பை, ஒரு தொட்டில் எல்லாம் கிளம்புவதைவிட ஒரு ஆள் அம்மா வீட்டுக்குப் போவது சுலபம் இல்லையா? கோர்ட் தராமலும் போகலாம், அதனால் கேட்டுப் பார்க்கும் முன்னால் இரண்டாவது வழியையும் யோசித்து வையுங்கள். ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சங்கம் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் டபிள்யூ.ஏ.ஓ. என்ற பெண்கள் உதவி அமைப்பு 1982-இலிருந்து காப்பகம் நடத்துகிறது, பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் படிக்கட்டில் விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். தோட்டத்து வீட்டுக்கு ஏது படிக்கட்டு! வீட்டில் அடித்தார்கள் என்று அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சொன்னால், கூட்டத்திலிருந்து தனியே வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே எழுதும் காயக் குறிப்புதான் பின்னால் கோர்ட்டில் பேசும்.

கேள்வி: இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன். அப்பா அம்மாவை அடிக்கும்போது நான் நடுவில் போய் நின்றுகொள்வேன். போன மாதம் எனக்கும் பட்டது. தம்பிக்கு ஏழு வயது, கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் போன் செய்தால் அம்மா என் மேல் கோபப்படுவாரா?

பதில்: கண்ணு, நடுவில் போய் நிற்காதே. உனக்கு எவ்வளவு தைரியம் என்று தெரியும், ஆனால் நீ நின்றால் அடி இரண்டு பேருக்கு விழுகிறது. உன் வேலை தம்பி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வழியாக வெளியே போ. எந்த வீட்டுக்குப் போவது என்று பகலிலேயே முடிவு செய்து வை, அந்த வீட்டு அம்மாவிடமும் சொல்லி வை. அங்கே போய் 999 அடி. 15999-க்கு நீயே பேசலாம், சின்னப் பிள்ளை என்று யாரும் வைத்துவிட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை டீச்சர் இருப்பாரே, அவரிடமும் போய்ச் சொல்.

அம்மா கோபப்படுவாரா? படலாம். பயத்தில் வரும் கோபம் அது, உன் மேல் இல்லை. எனக்கு மறுபடி எழுது.

கேள்வி: எல்லாச் சட்டமும் பெண்களுக்குத்தானா? பெண்டாட்டியிடம் அடி வாங்கும் ஆண்கள் இல்லையா? (ஒரு வாசகர், கோலகங்சார்)

பதில்: இருக்கிறார்கள். சட்டத்தில் கணவன் மனைவி என்று ஆண் பெண் பேதம் இல்லை, நீங்களும் போகலாம், அதே எண், அதே அதிகாரி. முன்னாள் கணவன் மனைவி, பிள்ளைகள், குடும்பத்தார் எல்லாரும் அதில் அடக்கம். நான் அதிகம் பார்ப்பது வேறு ஒன்று: போதைக்குக் காசு கேட்டு மகன் அடிக்க, "பெத்த பிள்ளையைப் போலீஸ்ல சொல்றதா" என்று பென்ஷன் காசையும் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். அவர்களுக்கும் இந்தச் சட்டம்தான். நீங்கள் உண்மையிலேயே அடி வாங்குகிறவராக இருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள். வாதத்துக்குக் கேட்டிருந்தால், பதில் முடிந்தது.

கேள்வி: நீங்கள் ஏழு பேர் செய்வதை எங்கள் பக்கமும் ஆரம்பிக்க ஆசை. எப்படித் தொடங்குவது, காசு எங்கிருந்து வருகிறது? (மகளிர் குழு, தாப்பா)

பதில்: காசு வருவதில்லை. ஒட்டுக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டாயில் இருந்த பாட்டி ஒருவர், தொழிற்சாலைக்குப் போகும் இரண்டு பேர், கிளினிக்கில் வேலை செய்யும் ஒருத்தி, தையல் மிஷின் வைத்திருப்பவர், பென்ஷன் வாங்கும் நான். அவரவர் தெருவை அவரவர் பார்த்துக்கொள்கிறோம். ஆரம்பிக்கும் முன்னால் ஈப்போ சங்கத்தையோ டபிள்யூ.ஏ.ஓ.வையோ கூப்பிட்டுப் பேசுங்கள், எதைச் செய்யக்கூடாது என்று முதலில் கற்றுக்கொள்ளத்தான். நாங்கள் கற்றுக்கொள்ளாமல் இறங்கி ஒரு தப்புச் செய்தோம். ஒரு பெண்ணின் பெயரை எங்கள் வாட்சப் குழுவில் ஒருத்தி எழுதிவிட்டாள், சாயங்காலத்துக்குள் விஷயம் கள்ளுக்கடை வரைக்கும் போய்விட்டது. அந்தப் பெண் எங்களோடு இன்றுவரை பேசுவதில்லை. இப்போது பெயர் எழுதுவதே கிடையாது, டின் நம்பர்தான்.

அடி விழுந்த பிறகு ஓடுவது பாதி வேலை, முன்னாலேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. கல்யாண சீசனில் தாம்பூலப் பையில் வெற்றிலை, பழத்தோடு 15999 எழுதிய சின்னச் சீட்டு ஒன்று போடுகிறோம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "நல்ல நாளில் என்ன அபசகுனம் இது" என்று கத்தி எல்லாப் பையிலிருந்தும் எடுக்க வைத்தார். எடுத்துப் போட்ட சீட்டுகளில் இரண்டு மூன்று குறைந்ததாக ஆயா பாட்டி எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

சலிப்பு வரும். அப்போது ஐரீன் பெர்னாண்டஸை நினைத்துக்கொள்வேன், கெடா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், டீச்சர் வேலையை விட்டுவிட்டு சமூகப் பணிக்கு வந்தவர், எண்பதுகளில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக எழுந்த இயக்கத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். அந்தப் பெண்கள் 1985-இல் கேட்க ஆரம்பித்த சட்டம் 1994-இல்தான் வந்தது, நடைமுறைக்கு வர 1996 ஜூன் ஆனது. அவர்கள் அத்தனை வருடம் பொறுத்தார்கள், நாம் எட்டு மாதம் ஒரு கதவு திறக்கக் காத்திருக்க முடியாதா?

கேள்வி: நான் கை நீட்டுகிறவன். குடித்தால்தான். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பதில்: தம்பி, எழுதினீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் "குடித்தால்தான்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடித்துவிட்டு எத்தனையோ நாள் மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) வீட்டைக் கடந்து வந்திருப்பீர்கள், அவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு நாளாவது அவர் கதவை உதைத்தீர்களா? இல்லையே. கை எங்கே நீளலாம் என்று போதையிலும் உங்களுக்குத் தெரிகிறது. அதனால் குடியை நிறுத்துவது ஒரு வேலை, கையை நிறுத்துவது தனி வேலை. அரசாங்க கிளினிக்கில் இரண்டையும் மறைக்காமல் சொல்லி ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சம்பள வாரத்தில் வீட்டில் தங்காதீர்கள், அண்ணன் வீட்டுக்குப் போங்கள், அவள் கேட்பதற்கு முன்னால் நீங்களே போங்கள். மன்னிப்புக் கேட்டுக் கோழி வாங்கிக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் எண்ணிக்கையில் சேராது. அவள் புகார் கொடுத்தால் தடுக்காதீர்கள்.

உங்கள் கடிதம் குலைக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. ஒரு நாள் விடாமல் எத்தனை குலை என்று வரிசையாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அதே மாதிரி ஒரு தாளில் கை நீளாத நாளை எழுதிக்கொண்டு வாருங்கள். பொய்க் கணக்கு எழுதினால் எனக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் இருப்பவளுக்குத் தெரியும்.